நெருப்புக் கயிறும் என் மகளின் மூச்சும்

கல்முனைக் கடைத்தெருவில் எங்கள் தேத்தண்ணிக்கடைக்கு வந்துபோன ஆண்களில் ஒருவருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை. தென்னோலைக் கிடுகு மறைப்புக்குப் பின்னால் நின்று அப்பம் சுடுகிறவளுக்கு முகம் எதற்கு? குரல் தெரியும், இருமல் தெரியும், யாருடைய சுருட்டு எது என்பது மணத்திலேயே தெரியும். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் புகைக்காதவன் ஆம்பிளையே இல்லை என்ற மாதிரித்தான் எல்லாரும் நடந்துகொண்டார்கள். கடைத் தூணில் ஒரு தும்புக் கயிறு தொங்கும். அதன் நுனியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் அதில்தான் பற்றவைப்பார்கள்.

என் மூத்த மகளுக்கு ஒரு வயது ஆகுமுன்பே மூச்சிழுப்பு வந்துவிட்டது. புகையும் ஆகாது, பனிக்காற்றும் ஆகாது என்றார் நாட்டு மருந்து கொடுக்கும் பரிகாரியார். கடையின் பின்பாதிதான் எங்கள் வீடு. பிள்ளையை வேறெங்கே கொண்டுபோவது? அடுப்பைத் தூக்கி வெளி வளவில் வைத்தேன். அப்படியும் பிள்ளை தூங்கும் ஏணைக்குள் கடைப் புகை வந்தது.

"மச்சான், அந்தக் கயித்தைக் கழட்டுங்க" என்றேன் என் புருஷனிடம்.

"உனக்கென்ன புள்ள, பைத்தியமா? சுருட்டுக் குடிக்க விடாட்டி ஆர் இஞ்ச வருவான்? எதிர்க் கடைக்குப் போயிருவானுகள். பள்ளி மரைக்காரே இஞ்சதான் குடிக்கிறார். அவருக்கு ஆர் போய்ச் சொல்ற?"

பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் அந்த மரைக்காரின் சொல்லுக்கு ஊரே அடங்கும். என் புருஷன் அடங்கியது பெரிய அதிசயமில்லை.

நோன்பு பிறந்த முதல் நாள், நானே கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்கு வேற நாள் கிடைக்கல்லியா? பகல் முழுக்கப் புகையில்லாமக் கிடந்து வெறி புடிச்சு வருவானுகள்!"

"அதுக்குத்தான் மச்சான். அல்லாஹ்வுக்காகப் பகல் முழுக்க விட்டவங்களுக்கு, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் என்ட புள்ளைக்காக விட ஏலாதா?"

அந்தியில் நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களால் கடை வாங்குகள் நிறைந்தன. உடனே சத்தம் தொடங்கிவிட்டது.

"கயிறு எங்க காக்கா?" என்று என் புருஷனிடம் கேட்டார் ஒருவர்.

"அறுந்து போச்சு" என்றார் என் புருஷன். நோன்பும் அதுவுமாகப் பொய்!

"எதிர்க் கடையில சொன்னானுகள், அவர்ர பொஞ்சாதி கழட்டிட்டாவாம். கடைக்குள்ள சுருட்டுக் குடிக்கப்படாதாம். வெள்ளைக்காரன்கூட இப்படிச் சட்டம் போடல்ல!"

"அப்ப அடுப்புப் புகை மட்டும் சந்தனமா?"

யாரோ தீக்குச்சியைக் கிழித்தார். அந்த நெருப்பு கை மாறியது. கொஞ்ச நேரத்தில் மறைப்பின் இடுக்குகளால் புகை உள்ளே வந்தது. மகளின் நெஞ்சு கீச்சிடத் தொடங்கியது.

"என்ன இது, உள்ள பூனைக்குட்டி ஏதும் கிடக்கா?" என்றார் மரைக்கார்.

கடை முழுவதும் சிரித்தது.  அதுவரை அந்நிய ஆண்களின் காதில் என் குரல் விழுந்ததில்லை. மறைப்போடு ஒட்டி நின்று உரக்கச் சொன்னேன்:

"பூனையில்ல மரைக்கார். அது என்ட மகள் மூச்செடுக்கிற சத்தம். நீங்க விடுற புகையாலதான்."

 பிறகு மரைக்காரின் வாங்கு நகர்ந்தது.

"அல்லாஹ்வே! எழும்புங்க எல்லாரும். வெளிய போய்க் குடிப்பம்."

எல்லாரும் வாசலில் நின்ற பூவரச மரத்தடிக்குப் போனார்கள். ஆனாலும் புகை நிற்கவில்லை. இடுக்கால் பார்த்தேன். கல்லாவில் என் புருஷன் இருந்தார், விரலிடுக்கில் பீடி எரிந்துகொண்டிருந்தது.

"மச்சான், நீங்களும் எழும்புங்க" என்றேன். எழும்பிப் போனார்.

அடுத்த நாள் தொடக்கம் எதிர்க் கடைக்குப் போன நாலைந்து பேரும் நோன்புப் பெருநாளைக்கு முன்பே திரும்பி வந்தார்கள். வருவார்கள் என்று எனக்குத் தெரியும், என் அப்பம் அப்படி. மரைக்காரை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், அவர் பூனை என்று நினைத்தவர். அது என்ன சத்தம் என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தவரை மன்னிக்க எனக்கு வருஷங்கள் எடுத்தன.