ஆள் இறங்கினால் ஒழுகும் தொட்டி

“கொஞ்சம் மனசு வைங்க சார். ஒரே ஒரு சுத்து. அப்புறம் உங்க பக்கமே வரமாட்டேன்.”

மாடிவீட்டு அக்கா இப்படிக் கெஞ்சுவது துருப்பிடித்த திருகாணியிடம். கெட்டுப்போன பொருள் எதுவானாலும் அவருக்கு ‘நீங்க’. மனிதர்கள் எல்லோரும் ‘நீ’. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். ஒருநாள் வழியில் ஏறிய தலைமையாசிரியரையே “நீ பின்னாடி போய் உக்காரு” என்றாராம். “திருகாணிக்குக் கெடைக்கிற மரியாதையில பாதி கெடைச்சாக்கூடப் போதும் தம்பி” என்று அவர் கணவர் என்னிடம் முறையிடுவார்.

அக்கா குள்ளம். ஓட்டுநர் இருக்கையில் இரண்டு தலையணை போட்டால்தான் சாலை தெரியும். மாடிப்படித் திருப்பத்தில் யார் மீதும் மோதிவிடக் கூடாதென்று “பாம் பாம்” என்று வாயாலேயே ஒலி எழுப்பிக்கொண்டு இறங்குவார். சமையலறைக் கதவின் பின்னால் ஒரு கயிறு தொங்குகிறது. விரல் மோதிர அளவிலிருந்து வளையல் அளவுவரை ரப்பர் வாஷர்கள் அதில் கோத்திருக்கும். எந்த வீட்டுக் குழாய் அழுதாலும் கயிற்றோடு போய் நிற்பார்.

அவர் வீட்டுக் குளியல் தொட்டிதான் அவரையே அழவைக்கப் பார்த்தது.

அந்தத் தொட்டிக்கு நேர் கீழே என் மேசை. நான் அச்சுக்குப் போகும் புத்தகங்களைப் பிழைதிருத்துகிறவன். ஒரு மாலை, கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரில் அரை அத்தியாயம் மை கரைந்து போயிற்று. நனைந்த தாள்களோடு சண்டைக்குப் போனேன். அக்கா அவற்றை வாங்கிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, “எத்தனை மணிக்கு சொட்டுச்சு?” என்றார். சண்டை அங்கேயே அணைந்துவிட்டது.

அவர் கணவருக்கு ரொட்டி அடுப்பில் வேலை. விடியற்காலையிலிருந்து நின்றே இருப்பவர். மாலையில் அரைமணி நேரம் வெந்நீரில் கிடந்தால்தான் முதுகு நிமிரும்; இல்லாவிட்டால் அன்றிரவு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். இது தெரிந்தும், “ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா தொட்டியைப் பேத்து எடுத்துடுவேன்” என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரம்மா. பிளம்பர் இரண்டு முறை வந்தார். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து ஒரு மணி நேரம் காத்திருந்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை கணவர் தொட்டியில் இறங்கியதும் என் அகராதி நனைந்தது.

ஞாயிறு காலை அக்கா என் கதவைத் தட்டினார்.

“தண்ணிக்கு ஒழுகல தம்பி, ஆளுக்கு ஒழுகுது! காலி பஸ்ஸு சத்தமே போடாது. பிள்ளைங்க ஏறினாத்தான் கீச்சுகீச்சுங்கும். வா மேல.”

மேலே கணவர் அரைக்கால்சட்டையோடு முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச்சோடு தரையில் மல்லாந்து தலையை உள்ளே விட்டார்.

“இருமு.”

கணவர் இருமினார்.

“இன்னும் பலமா!”

இருமினார். உள்ளிருந்து ஒரு கூவல்: “பாத்துட்டேன்! பாத்துட்டேன்!” தண்ணீரின் கனம் பரவி நிற்கும்; ஆள் கனம் ஒரே இடத்தில் அழுத்த, தொட்டியின் அடி மயிரிழை தாழ்ந்தது. தண்ணீர் வடியும் துளையைச் சுற்றியிருந்த பித்தளை வளையத்துக்கும் தொட்டிக்கும் நடுவே அப்போது மட்டும் வாய் திறந்தது.

தண்ணீரை வடித்தார். வளையத்தின் குறுக்குக் கம்பிகளுக்கிடையே குறடு ஒன்றைச் செருகி, அதை ஸ்பேனரால் திருப்பினார். அசையவில்லை. வளையம் முறிந்தால் தொட்டியின் கதை முடிந்தது. அக்காவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது.

“விட்டுடும்மா” என்றார் கணவர், கதவோரம் நின்று. “எனக்கு நாற்காலியே போதும்.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல, மிக மெல்லத் திருப்பினார். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். வளையம் சுற்றியது.

“ரொம்ப நன்றிங்க சார்!” என்றார் வளையத்திடம்.

உள்ளே இருந்த வாஷர் கல்லாய் இறுகி, விண்டு போயிருந்தது. கயிற்றிலிருந்து புதியது ஒன்று உருவப்பட்டது. களிமண் போன்ற பசையைத் திரிபோல உருட்டி வளையத்தின் அடியில் ஒட்டினார். தொட்டியின் அடி இனித் தாழாதபடி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். கடைசி இறுக்கத்துக்கு முன்னால் எங்கள் இருவரையும் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஏறு. கனம் இருக்கும்போதே முறுக்கணும்.”

காய்ந்த தொட்டிக்குள் இரண்டு வளர்ந்த ஆண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். எங்கள் பாதங்களுக்கு நடுவே அக்கா ஸ்பேனரைத் திருப்பினார். கணவருக்குச் சிரிப்பு வந்தது; அது எனக்கும் தொற்றியது. தொட்டியே குலுங்கியது.

“சிரிக்காத! சிரிச்சா கனம் ஏறி இறங்குது!” என்று அதட்டியவரும் சிரித்துவிட்டார். பிறகு ஒருவழியாக முறுக்கி முடித்தார்.

வெந்நீர் நிரம்பியது. கணவர் இறங்கினார். நான் கீழே ஓடி அண்ணாந்து நின்றேன். பத்து நிமிடம். இருபது.

“என்னாச்சு?” படியிலிருந்து குரல்.

“ஒண்ணுமில்லக்கா!”

மேலே கணவர் பாட ஆரம்பித்தார். சுருதி சேராத, சந்தோஷமான குரல். நண்பகலில் இரண்டு ஆட்களோடு வந்த வீட்டுக்காரம்மா என் அறையில் கால்மணி நேரம் கூரையைப் பார்த்தார், பாட்டையும் கேட்டார். “சரி, இருக்கட்டும்” என்று ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா என் மேசைமீது ஏறினார். நுனிக்காலில் எம்பி, கூரையின் ஈரத் திட்டில், காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோலப் புறங்கையை வைத்தார். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.