ஒலிப்பெட்டிக்கு முன்னால் நின்றவன்

என் தம்பியின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மூத்தவன் இருக்க இளையவர் போய்விட்ட வீட்டில் எழுத வேண்டியவன் நான் ஒருவன்தான். அச்சில் அவரை 'அவர்' என்கிறேன். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை.

தம்பி மரக்காணத்தில் பிறந்தார். அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். நான் புதுச்சேரியில் கல்லூரியில் இருந்தபோது அப்பாவின் கால்கள் புண்ணாகி நடக்க முடியாமல் போயின. எங்களில் ஒருவர் உப்பளத்துக்குப் போக வேண்டியிருந்தது. தம்பி தன் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை என் மேசையில் அடுக்கி வைத்தார்.

"நீ படிண்ணே. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறல" என்றார்.

நான் படித்தேன். இயற்பியல் ஆசிரியராகி, பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தம்பி உப்பளத்தில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, கூனிமேட்டில் ஒரு பாய் வைத்திருந்த ரேடியோ கடையில் வேலை கற்றார். பிறகு சொந்தமாக மைக்செட் வைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி காலமானபின் நானும் இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். இரண்டு கிழவர்கள், ஒரு அடுப்பு. பேச்சு அதிகம் இருக்காது.

தம்பியின் மைக்செட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது.

ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பழுதான ஒலிப்பெட்டி ஒன்றைத் தம்பி திறந்தார். உள்ளே தாழ்ந்த ஒலிக்குப் பெரிய ஸ்பீக்கர், கீச்சென்ற ஒலிக்குச் சிறியது. இரண்டுக்கும் நடுவே கம்பிச்சுருளும் மின்தேக்கியும் வைத்த சிறு பலகை. வரும் ஒலியைப் பிரித்து, கீழே உள்ளதைப் பெரியதற்கும் மேலே உள்ளதைச் சிறியதற்கும் அனுப்பும் பலகை அது. கிராஸ் ஓவர் என்பார்கள். தம்பி அதைத் தாளில் வரைந்துகொண்டு வந்தார். அன்றிலிருந்து தாமிரக் கம்பியைத் தானே சுற்றி, ஒரு சுற்று கூட்டியும் ஒரு சுற்று குறைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்கு ஏறாதவர் என்று இத்தனை காலம் நான் நம்பியவர், அந்தப் பலகைக்காகப் பழைய நோட்டுகள் நிறையக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். இப்போதுதான் பார்க்கிறேன்.

"பெரிய ஸ்பீக்கர் யார் வேணா வாங்கிடலாம்ண்ணே. கீழ இருக்கறது முடிஞ்சி மேல இருக்கறது ஆரம்பிக்குது பாரு, அந்த எடத்துலதான் மனுஷன் பேசுறதே இருக்குது. அது சரியில்லன்னா பாட்டு கேக்கும், பேச்சு வெளங்காது" என்பார்.

நான் சிரிப்பேன். பாடம் நடத்தியவன் அல்லவா.

உப்புக் காற்றில் எங்கள் ஊரில் எந்தத் தாமிரமும் பச்சையாகிவிடும். அதனால் தம்பி ஒயர்களை ஸ்பீக்கரோடு பற்றவைக்க மாட்டார். சொருகி எடுக்கும் கிளிப் போட்டு, மாதம் ஒருமுறை கழற்றித் தேய்ப்பார். யார் விரலாலும் கழற்றிவிடலாம். நான் கழற்றினேன்.

சுனாமி வந்துபோய் ஓராண்டு நிறைந்தபோது, கடலோரக் குப்பம் ஒன்றில் இறந்தவர்களுக்கு நினைவுநாள் வைத்தார்கள். மணலில் பந்தல். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மைக்கில் படிக்க வேண்டும். பெயர் கேட்டதும் அந்த வீட்டார் எழுந்து போய்க் கடலில் பூப் போடுவார்கள். தம்பி அதற்கு முந்தைய ஒரு வாரமும் வேறு எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளவில்லை.

காலையில் பெட்டிகளை இறக்கியபோது ஒரு மீனவர், "இன்னா மைக்செட்டு, பொண்ணு வீட்டு பீரோவையே தூக்கினு வந்துட்ட?" என்றார்.

"பீரோவுக்கு வாய் இருக்காதுய்யா. இதுக்கு இருக்குது, கேளு" என்றார் தம்பி.

வண்டி குலுங்கி வந்ததால் பெட்டிகளின் பின்பலகையைத் திறந்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். மூடுவதற்குள் ஜெனரேட்டர் பக்கம் கூப்பிட்டார்கள். போனார்.

நான் குனிந்து உள்ளே பார்த்தேன். சிறிய ஸ்பீக்கரில் சிவப்பு ஒயர், கழித்தல் குறி போட்ட முனையில் இருந்தது. கறுப்பு ஒயர் கூட்டல் குறியில். அடுத்த பெட்டியிலும் அப்படியே. படிக்காதவர் தலைகீழாக மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். நான்கு கிளிப்புகளையும் கழற்றி, இடம் மாற்றிச் சொருகினேன். அவர் வந்ததும் சொல்லி, 'படிச்சவன் படிச்சவன்தான்' என்று அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டேன். அதற்குள் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். தம்பி அவசரமாகப் பலகையை மூடிவிட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் ஆம்ப்ளிபயர் அருகே போனார்.

அவர் தலைகீழாக மாட்டவில்லை. அந்தச் சுருளும் மின்தேக்கியும் ஒலியை ஒரு ஸ்பீக்கரில் பின்தங்க வைக்கும், மற்றதில் முந்த வைக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். ஒன்றை ஒன்று அழித்துவிடும். அது நேராமல் இருக்கத்தான் சிறியதைத் திருப்பி மாட்டியிருந்தார். கட்ட வேறுபாடு என்று இதையே கரும்பலகையில் வரைந்து மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டவன் நான். பெட்டிக்குள் பார்த்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

எங்கு போனாலும் தம்பி பின்னால் நிற்பார், நான் முன்னால் நிற்பேன். பின்னால் இருப்பவருக்குப் பெட்டியின் குரல் சரியாகத் தெரியாது. அதனால் என்னைத்தான் கேட்பார். அன்றும் மைக்கில் பேசிவிட்டு, "எப்டி இருக்குதுண்ணே?" என்று கத்தினார்.

குரல் நடுவே குழிந்திருந்தது. எனக்குக் கேட்டது. காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் திருத்தியது தவறாக இருக்கும் என்று நினைக்க மனம் வரவில்லை.

"நல்லா இருக்குதுடா" என்றேன்.

பெயர்களைப் படித்தார்கள். சத்தத்துக்குக் குறைவில்லை. அலையும் காற்றும் சேர்ந்தபோது சத்தம் மட்டுமே மிஞ்சியது. எழ வேண்டியவர்கள் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊர்த் தலைவர் தம்பியிடம் ஓடினார்.

"இன்னாப்பா இது? கெணத்துக்குள்ள பேசுறாப்புல இருக்குது. ஒரு பேரும் வெளங்கல!"

தம்பி எதையெதையோ திருகிப் பார்த்தார். மைக்கை மாற்றினார். சரியாகவில்லை. ஓர் அம்மா பூவை மடியில் கட்டிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"எம் பொண்ணு பேரு படிச்சிட்டாங்களா? நான் கேட்டுக்குனே இருந்தேன், வரலீங்களே."

தம்பி கைகூப்பி நின்றார். நான் பத்தடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் கிளிப்பை மாற்றியிருக்கலாம். இத்தனை பேருக்கு முன்னால் வாத்தியார் தப்பு செய்தார் என்று ஆகிவிடுமே என்று நின்றேன். எல்லாரும் மொத்தமாகக் கடலுக்குப் போய்ப் பூப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி பின்பலகையைக் கழற்றினார். நான் வாசற்படியில் இருந்தேன். உள்ளே வெகுநேரம் பார்த்தார். கிளிப்பை எடுத்து மாற்றிச் சொருகினார். அடுத்த பெட்டியையும் திறந்தார். ஒரு பெட்டியில் தவறு தானாக நேரலாம். இரண்டிலும் ஒரே மாதிரி நேராது. அது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல், "லூஸ் கனெக்ஷன்ண்ணே" என்றார்.

"உப்புக் காத்துடா" என்றேன் நான்.

அதோடு முடிந்தது. கடைத்தெருவில் அவருக்குப் 'பேரு முழுங்கி' என்று பெயர் வைத்தார்கள். "வாய்யா பேரு முழுங்கி, டீ சாப்டு" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே உட்காருவார். பக்கத்தில் நானும் டீ குடிப்பேன். அதற்குப் பிறகும், போன இடத்திலெல்லாம் என்னையே முன்னால் நிற்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கேட்டார், எப்டி இருக்குதுண்ணே என்று.

சில நாட்களுக்கு முன் ஒரு காலையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுச்சேரி போகும் வழியிலேயே என் மடியில் உயிர் பிரிந்தது.

அடக்கத்துக்கு, அன்று மகள் பெயரைக் கேட்டு வந்த அந்த அம்மா வந்திருந்தார். அவரிடம் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன்.

"ஒங்க தம்பி மறுநாளே வந்தாரு சார். கையில பேரு எழுதின தாளு. ஊடு ஊடா வாசல்ல நின்னு, பேரைச் சொல்லி, தப்பு என்னுதுன்னு கும்புட்டுட்டுப் போனாரு. எம் பொண்ணு பேரை ரெண்டு தபா சொன்னாரு. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

வீட்டில் இருந்தேன். பேட்டரி வாங்கப் போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதை நம்பிக்கொண்டு இருந்தேன்.

எங்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டு ஆட்டோக்காரருக்கும், தம்பியைத் தோள் கொடுத்துச் சுமந்த அனுமந்தை ஊர் நண்பர்களுக்கும், அன்றைய வருத்தத்தை மறந்து மாலையோடு வந்த குப்பத்து ஊர்த் தலைவருக்கும், மூன்று வேளையும் எனக்குச் சோறு கொண்டுவந்த சித்தி மகளுக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் தம்பியை இனி யாரும் அந்தப் பட்டப்பெயரால் சொல்ல வேண்டாம். பெயர்களை விழுங்கியவன் நான். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அப்படியே கூப்பிடுங்கள், திரும்பிப் பார்ப்பேன்.

நேற்று அந்தப் பெட்டிகளில் ரேடியோவைப் போட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன். செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் அத்தனை தெளிவாக இருந்தது. நெடுநேரம் நின்றேன். பின்னாலிருந்து யாரும் கேட்கவில்லை.