பூட்டாமலே கிடந்த சர்வர்

போன வியாழக்கிழமை நடந்தது இது.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. கம்ப்யூட்டர் வேலை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். புதுக் கேமராவுக்கு ஒரு போர்ட் திறக்க வேண்டுமாம். போர்ட் என்றால் சர்வருக்குள் போகும் கதவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று ரூல் போட்டுக் காவல் காப்பது ஃபயர்வால்.

ரூலை அடித்தேன். எரர். வெறும் போர்ட் நம்பரைச் சொன்னால் சர்வரை ஓட்டும் லினக்ஸ் ஏற்காது. அதற்கு முன்னால், தகவல் வரும் முறை டிசிபியா, யுடிபியா என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் விட்டிருந்தேன். சேர்த்ததும் ஏற்றுக்கொண்டது.

பழைய ரூல்களையும் பார்த்துவிடலாமே என்று லிஸ்ட் எடுத்தேன். நான் இப்போது போட்ட ஒரே வரி. வேறு எதுவும் இல்லை. எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது... இன்டர்நெட்டில் எவன் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அந்த சர்வரில்தான் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் அடுத்த சீசன் டிசைன் அத்தனையும் இருக்கிறது.

சர்வர் ஆன் ஆகும்போது ரூல்களை ஏற்றும் ஃபைலைத் திறந்தேன். நான் செய்த அதே தப்பு, ஒரு வரியில். ஒரு வரி தப்பென்றால் மொத்த ஃபைலையும் தள்ளிவிடும் லினக்ஸ். அப்படியானால் சர்வர் ஆன் ஆகும்போதெல்லாம் ஸ்கிரீனில் எரர் வந்திருக்குமே? வராது. எரரைக் காட்டாதே என்று அதற்கும் ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறான் ஒருவன்.

எனக்கு முன்னால் இந்த சர்வரைப் பார்த்து, ஃபைலை எழுதிய சர்வீஸ்காரர் ஜேசுதாஸுக்கு போன் போட்டுத் திட்டினேன். தூத்துக்குடிக்காரர். அசரவில்லை.

"அண்ணாச்சி, எதுக்கு சத்தம் போடுதிய? எரர் வருது, சரி பண்ண ஒரு நா வேணும்னேன். ஒங்க மொதலாளிதான் இப்போதைக்கு அத மறைச்சிருன்னாவ. பொறவு கூப்பிடவே இல்ல."

முதலாளி என் பக்கத்தில்தான் நின்றார். "ஏனுங்க, நெசமா?" என்றேன்.

"ஆமாங்க. அன்னிக்கு பையரோட ஆளுங்க கம்பெனியச் சோதிக்க வர்ற ஆடிட்டுங்க. வர்றவங்க கண்ணுல எரர் பட்டா நல்லாவா இருக்கும்?"

அந்த ஆடிட்டில் பாஸ் வேறு ஆகியிருக்கிறார். ஆடிட் என்றால் குறையைச் சரிசெய்வது என்று நான்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் போல. குறை கண்ணில் படாமல் இருந்தால் போதுமாம்.

ஃபைலைத் திருத்தினேன். ரூல்கள் ஏறின. ஆனால் இத்தனை நாளில் எவனாவது டிசைனை அள்ளிக்கொண்டு போனானா? யாருக்கும் தெரியாது.

"பையர்கிட்ட சொல்லிருங்க" என்றேன்.

"சொன்னா ஆர்டர் போயிருங்களே."

"டிசைன் வெளிய வந்து, அப்புறம் அவங்களா கண்டுபிடிச்சா கம்பெனியே போயிருங்க."

கடைசியில் பையருக்கு உண்மையைச் சொல்லி மெயில் அனுப்பினார். திங்கட்கிழமை பதில் வந்தது — எங்கள் ஆள் நேரில் வந்து சர்வரைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் ஆர்டர் பற்றிய பேச்சு.

முதலாளி மெயிலை இரண்டு தரம் படித்தார். மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சர்வர் ரூமுக்கு வெள்ளையடிச்சிருங்க."