பால் குடித்த சுவர்

புளத்கொகுபிட்டிய பஸார் வளைவில் நிற்கும் ரொட்டிக்கடை, கரவனெல்ல பாதையில் பலகை விற்கும் மரக்காலையைச் சுற்றி ஓடும் மதில், கித்துல்கலையில் படகு விட வரும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியின் பின்கட்டு, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபம். இதெல்லாம் நான் கட்டியது. மேசன் கட்டினான், நீ கல்தானே கொடுத்தாய் என்பீர்கள். சரி, கல்லை எடுத்துவிட்டு அந்த மேசனைச் சுவர் எழுப்பச் சொல்லுங்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவன் நான். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தண்ணீர் விழும் பீலிக்கரையில் இரும்பு அச்சுப் பெட்டியை வைத்துக்கொண்டு சீமெந்துக் கல் அறுக்கத் தொடங்கினேன். தோட்டத்துத் துரை பார்த்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடியும் இருக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், போன வாரம் பெய்த மழை. அந்த மழையில் கோயில் கமிட்டித் தலைவர் குடையோடு வந்தார். வேறு யாருமில்லை, என் பெண்சாதியின் அண்ணன் மகன்தான். குடையை என் வாசல் சுவரில் சாய்த்துவிட்டு, நின்றபடியே சொன்னார்.

"மாமா, மண்டபத்து மழப்பக்கச் செவர இடிக்கப் போறோம். பூச்சே இல்லாம இத்தன வருசம் நனஞ்சிருக்கு. ஊறிப் போயிருக்கும்."

"ஊறிப் போறதுக்கு அது என்ன பருப்பா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குடையிலிருந்து வழிந்த தண்ணீரில் என் சுவர் நனைந்துகொண்டிருந்தது. நனைந்த சீமெந்துக்கு ஒரு வாசம் உண்டு. சாம்பலில் தண்ணீர் தெளித்தது போல இருக்கும். அந்த வாசம் வந்தால் என் கை தானாகக் குவிந்துகொள்ளும். கலவையை அள்ளிப் பிடித்துப் பார்த்துப் பழகிய கை. பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அந்தக் கல் உருப்படாது. மற்றவர்கள் வேலை சுலபமாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டி ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் பொந்து. பொந்து வழியாக மழை உள்ளே போகும், மூலை உதிரும். என் கல் அப்படி உதிர்ந்தது என்று இந்தப் பக்கத்தில் ஒருவர் சொல்லட்டும்.

அறுத்ததோடு வேலை முடியாது. வெயிலில் விட்டால் கல் மேலே காய்ந்து உள்ளே பச்சையாகவே செத்துவிடும். நிழலில் அடுக்கி, நாள் தவறாமல் தண்ணீர் காட்ட வேண்டும். மாட்டுக்குச் சொல்வது போலத்தான் நாங்கள் கல்லுக்கும் சொல்வோம், தண்ணி காட்டுறது என்று. அது என் பெண்சாதி காமாட்சியின் வேலை. அவள் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, வாளியைப் பீலியில் கழுவி, அதே வாளியால் கல்லுக்கு ஊற்றுவாள்.

கோயில் மண்டபத்துக்குக் கல் அறுத்தபோது ஒருநாள் பீலியில் துணி துவைக்கிற கூட்டம். வாளியைக் கழுவ இடமில்லை. அப்படியே மொண்டு ஊற்றிவிட்டாள். தண்ணீர் அரிசி கழுவியது போல வெள்ளையாக ஓடியது. பக்கத்து லயத்துப் பெண்கள் விடுவார்களா?

"ஊரெல்லாம் சாமிக்குப் பால் ஊத்துது. காமாட்சி கல்லுக்கு ஊத்துறா."

"இந்தக் கல்லுதானடி நாளைக்குச் சாமிக்கு வீடு. குடிச்சிட்டுப் போவட்டும்" என்றாள் அவள்.

குடித்தது. மழைப்பக்கச் சுவருக்குப் போனது முழுக்க அந்தக் கல்தான். மேசன் வெளிப்பூச்சு பூசினார். மறுநாள் பூச்சு, தோசைக் கல்லிலிருந்து ரொட்டி கழல்வது போல அப்படியே கழன்று விழுந்தது. மறுபடி பூசினார், மறுபடி விழுந்தது. கரண்டியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, ஒங்க கல்லு எண்ணெ தேச்சுக் குளிச்சிருக்கா? எதுவும் ஒட்ட மாட்டேங்குது."

அந்தச் சுவரைப் பூசாமலே விட்டார்கள். 'பால் குடிச்ச செவரு' என்று பேரும் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பேர் பிடிக்காது. கல் அறுத்தவன் பேர் போய்ப் பால் பேர் நின்றதே.

எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே, சாய்ந்து வந்து அந்தச் சுவரில்தான் அடிக்கும். பாசி பிடித்தது, வெள்ளையாக உப்புப் பூத்தது, சுவர் அசையவில்லை. மழைநாளில் பால் வெட்டு கிடையாது. காமாட்சி மண்டபத்துக்குள் போய் உள்பக்கம் கையை வைத்துப் பார்ப்பாள்.

"உள்ள காஞ்சுதான் இருக்கு."

"யாரு கல்லு?" என்பேன்.

"யாரு பாலு?" என்பாள்.

அவளைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளும் மழைதான். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. அவள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் வளைவில் இறங்கும்போது அந்தச் சுவரைப் பார்த்தேன். நனைந்திருந்தது. அவ்வளவுதான். இன்றைக்கும் அவ்வளவுதான்.

இடிப்பதற்கு முன்னால் ஒரு ஆளை வைத்துப் பார்க்கச் சொன்னேன். தலைவர் மறுநாள் பஸாரிலிருந்து சுனில் பாஸைக் கூட்டிவந்தார். நல்ல மேசன், சிங்களவர். சுத்தியலால் தட்டினார். மணி போலக் கேட்டது. ஒரு கல்லின் மூலையைக் கொத்திப் பார்த்தார். நகத்தளவுதான் ஈரம். அதற்குள்ளே வெளிறிய சாம்பல் நிறம், காய்ந்த கல்.

"கவ்த மே கல் கெப்புவே?" என்றார். யார் இந்தக் கல்லை அறுத்தது என்று கேட்கிறார். தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். பாஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னார்.

"இத ஒடைக்க எப்பா, தலைவர். இப்ப வாற கல்லு ரெண்டு மழைக்கி பிஸ்கட்."

எப்பா என்றால் வேண்டாம். சுவர் தப்பியது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அதற்குள் தலைவர் அடுத்ததைச் சொன்னார். இடிக்க மாட்டார்களாம், மேலே பசை போட்டு டைல் ஒட்டுவார்களாம். கொழும்பில் கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரர் செலவு. 'மழைப்பக்கச் சுவர் உபயம்' என்று மார்பிளில் அவர் பேர்.

"செவரு உபயமா, டைல் உபயமா?" என்று கேட்டேன்.

"டைல் ஒட்டினா அதுதானே மாமா செவரு."

"அப்ப உள்ள நிக்கிறது யாரு?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ரப்பர் மலை இப்போது இல்லை. மரத்தையெல்லாம் பிடுங்கி, பாம் எண்ணெய்க்கு முள்ளுத்தேங்காய் வைத்துவிட்டார்கள். பீலி இருந்த இடத்தில் குழாய் நிற்கிறது. என் அச்சுப் பெட்டி பழைய இரும்போடு போனது, அவளுடைய வாளி எங்கே போனதென்று தெரியவில்லை. மிச்சம் அந்தச் சுவர் ஒன்றுதான். அதையும் மூடப்போகிறார்கள்.

மூடட்டும். மார்பிளில் கொழும்புக்காரர் பேரும் இருக்கட்டும். ஆனால் அதற்கு மேலே, அதே அளவு எழுத்தில், கல் என்று போட்டு என் பேரும், தண்ணீர் என்று போட்டு காமாட்சி பேரும் வர வேண்டும். பாலைப் பற்றி எழுத வேண்டாம், அது எங்கள் இருவருக்கும் நடுவில் தீராத வழக்கு. முதலில் இதை மார்பிளில் வெட்டுங்கள். டைல் அப்புறம் ஒட்டலாம்.