பன்னிரண்டும் பதில் சொல்லுது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதை வைத்து என்னைத் தைரியசாலி என்று நினைத்தவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர். நானும் அவர்களைத் திருத்தப் போகவில்லை. ஒரு வாரத்துக் கதையைச் சொல்கிறேன், பிறகு அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் நான் எலக்ட்ரீசியன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அட்டனில் கோர்ஸ் முடித்து, பெக்டரி ஒபிசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலி மேல் எனக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. அதை இப்போதே சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

பறித்த கொழுந்தை மேல்மாடிக்கு ஏற்றி, நீளநீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று விட்டு வாட்டுவார்கள். எங்களிடம் பன்னிரண்டு தொட்டி, பன்னிரண்டு விசிறி. வாடியது போதும் என்றால் விசிறியை நிறுத்த வேண்டும். ஈரக் கொழுந்துக்குக் காற்றை நிறுத்திவிட்டாலோ அது சூடேறிச் சிவந்து, குப்பையில் கொட்டத்தான் லாயக்கு. எதை எப்போது நிறுத்துவது என்பதைப் பல வருடமாக ஒரே ஆள் பார்த்துவந்தார். மேல்மாடியில் வேலை செய்தவர், அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன். ஒரு பிடி கொழுந்தை அள்ளிக் கையில் இறுக்கிப் பிடித்து விடுவார். அது விரிகிற விதத்தைப் பார்த்துவிட்டுப் போய் சுவிட்சை அமத்தி விசிறியை நிறுத்துவார்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து ஒவ்வொரு விசிறிக்கும் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று பூட்டினார். பன்னிரண்டு பெட்டிகளையும் ஒரே வயர் கோத்துக்கொண்டு கீழே ஒபிஸ் கொம்பியூட்டருக்கு வந்தது. இனி விசிறிகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒபிசிலிருந்துதான். மேல்மாடியில் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அண்ணன் முணுமுணுத்தார். "கொழுந்தத் தொட்டுப் பாக்காத மெசினுக்கு அது வாடுனது எப்புடித் தெரியும்?" நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அது அவர் காலைச் சுற்றும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

பெட்டிகளைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. அதற்கென்று ஒரு லெப்டொப் தந்தார்கள். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, அதில் எழுத்து. ஒரு சொல்லைத் தட்டி என்டர் அடித்தால் வயரில் உள்ள பெட்டிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து ஆஜர் சொல்லும், காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி. இன்னொரு சொல் தட்டினால் ஒரு பெட்டியின் நம்பரை மாற்றலாம். இன்னொன்று தட்டினால், குறிப்பிட்ட பெட்டியின் பச்சை விளக்கு கொஞ்ச நேரம் கண் சிமிட்டும். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தக் கறுப்புத் திரையை யாராவது எட்டிப் பார்த்தால் வேண்டுமென்றே இன்னும் வேகமாகத் தட்டுவேன்.

முதல் இரண்டு வாரம் பன்னிரண்டு விசிறியையும் ஒன்றாக ஓட்டி ஒன்றாக நிறுத்திப் பரீட்சை பார்த்தார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, டீமேக்கர் ஐயா முதன்முதலாக ஒரு விசிறியை மட்டும் நிறுத்தினார். ஐயா யாழ்ப்பாணத்து மனிதர், பெக்டரிக்குப் பொறுப்பு, கணக்கான ஆள். மேலே ஏறிக் கொழுந்தைப் பார்த்து, பதினோராம் தொட்டி வாடிவிட்டது என்று கண்டு, கீழே வந்து பதினொன்றை நிறுத்தச் சொல்லிக் கொம்பியூட்டரில் அடித்திருக்கிறார்.

காலையில் பார்த்தால் பதினொன்று நொறுங்கக் காய்ந்து கிடக்கிறது, விசிறி இன்னும் ஓடுகிறது. மறு கோடியில் இரண்டாம் தொட்டியின் விசிறி நின்றுபோய், ஈரக் கொழுந்து சிவந்து நாறுகிறது. இரண்டை நிறுத்தச் சொல்லி யாரும் அடிக்கவில்லை. அப்படியென்றால் யாரோ கையால் சுவிட்சைத் தொட்டிருக்க வேண்டும். மேல்மாடியில் இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

"நான் தொடலீங்க ஐயா. அது நின்னத பார்த்தேன். நீங்கதான் நிப்பாட்டுனீங்கன்னு நெனைச்சுப் பேசாம இருந்தேன்" என்றார் அண்ணன். யார் நம்புவார்கள்? மெசின் பிடிக்காமல் வேண்டுமென்றே செய்த வேலை என்று பேச்சாகிவிட்டது. அன்றைக்கே அவர் வேலையை நிறுத்தி, வியாழக்கிழமை விசாரணை என்றார்கள். அதுவரை விசிறிகளைப் பழையபடி ஒன்றாகவே ஓட்டச் சொன்னார்கள். நாசவேலை என்று முடிவானால் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதுகூடச் சரியில்லை. வேலை போனால் லயத்து அறையும் போகும், பெண்டாட்டி பிள்ளையோடு எந்த வீட்டுக்குப் போவது?

ஐயா என்னைக் கூப்பிட்டார். "உம்மட பெட்டியளில ஏதும் பிழை இருக்கோ எண்டு பார்த்துச் சொல்லும்."

லெப்டொப்பைத் திறந்து கட்டளையைத் தட்டினேன். பன்னிரண்டு வரி விழுந்தது. பன்னிரண்டும் நலம். "பன்னிரண்டும் பதில் சொல்லுது சார், ஒரு பிழையும் இல்லை" என்றேன். ஐயா அதை அப்படியே எழுதிக்கொண்டார். அண்ணனுக்கு எதிரான முதல் சாட்சி அதுதான்.

அத்தோடு விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மத்தியானம் ஒபிஸ் காலியாக இருந்த நேரம், மனது கேட்காமல் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன். நடுவில் ஒரு பெட்டியில் வயரைச் செருகி, இரண்டாம் பெட்டியைக் கண் சிமிட்டச் சொன்னேன். விசிறி நின்றுபோன இரண்டாம் தொட்டியின் பெட்டி சும்மா கிடந்தது. திரும்பினால், அந்தக் கோடியில், பதினோராம் தொட்டியில் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

பதினொன்றைக் கூப்பிட்டேன். இரண்டில் எரிந்தது. ஒன்றைக் கூப்பிட்டேன். பன்னிரண்டில் எரிந்தது.

செய்தது நான். பெட்டி பூட்டிய அன்று மேல்மாடித் தூசிக்கு என்ஜினியர் தும்மித் தும்மிக் களைத்து ஒபிசில் உட்கார்ந்துகொண்டார். "ஒன்று" என்று வோக்கி டோக்கியில் சொல்வார். நான் ஒன்றாம் தொட்டிப் பெட்டியின் பட்டனை அமத்துவேன். அவர் அந்தப் பெட்டிக்கு ஒன்று என்று நம்பர் கொடுப்பார். எங்கள் ஆட்களுக்கு ஒன்றாம் தொட்டி எது? படியேறியதும் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அன்றன்றைக்கு வரும் முதல் சாக்குக் கொழுந்தை அம்மன் பக்கத்தில்தான் கொட்டுவோம், அங்கிருந்துதான் எண்ணுவோம். பிறந்ததிலிருந்து வேறு மாதிரி எண்ணிப் பழக்கமில்லை. நானும் அம்மனிடமிருந்தே தொடங்கிப் பட்டனை அமத்திக்கொண்டு போனேன். ஒபிஸ் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் ஒன்று என்பது மறு கோடி. ஐயா அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எண்ணுவார். ஒரு தரம் கண்ணைத் தூக்கி அதைப் பார்த்திருந்தால் தீர்ந்தது. துரைமார் படம் எனக்கெதற்கு, எனக்குத் தெரியாத மேல்மாடியா என்ற கொழுப்பு.

ஐயா பதினொன்று என்று அடித்தது இரண்டுக்குப் போயிருக்கிறது. அண்ணன் சுவிட்சைத் தொடவேயில்லை.

நேரே கீழே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படி வரைக்கும் போனேன். கீழே என் நாற்காலி தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பன்னிரண்டு பெட்டிக்கும் நம்பரைத் திருப்பிக் கொடுக்கப் பன்னிரண்டு வரி போதும். எழுதி வைத்துவிட்டேன். என்டர் அடித்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் வரைபடத்தின்படி சரியாகிவிடும். பிறகு எவன் வந்து சோதித்தாலும் இரண்டு இரண்டில் எரியும், பதினொன்று பதினொன்றில் எரியும். என் பிழை இருந்த தடமே இருக்காது. அண்ணனைக் காப்பாற்றவும் ஒன்றும் இருக்காது. விரலை என்டரில் வைத்துவிட்டு எடுப்பேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்பவும் வைப்பேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. அன்றைக்கு அதை அடிக்காததற்குக் காரணம் நல்ல மனது என்று நான் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒபிசுக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை தோட்ட மனேஜர் பெரிய துரை வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஐயா. எதிரே அண்ணனும் தொழிற்சங்கத் தலைவரும். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மெசினுக்குப் பொறுப்பு என்று நானும் ஓரமாக நின்றேன், கையில் லெப்டொப். அந்தப் பன்னிரண்டு வரி உள்ளே அப்படியே இருந்தது.

ஐயா ஒரு தாளை எடுத்தார். "இனி விசாரிக்க என்ன கிடக்கு? ஆளே ஒப்புக்கொண்டு நேற்றிரவு கடிதம் தந்திட்டான்" என்று சொல்லிவிட்டு வாசித்தார். தூக்கக் கலக்கத்தில் நான்தான் இரண்டாம் விசிறியை அமத்தி, பதினோராம் விசிறியைப் போட்டுவிட்டேன், பெரிய மனது வைத்து மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தோட்டத்தில் இது வழக்கம்தான். செய்தாயோ இல்லையோ, முதலில் மாப்புக் கேட்டுவிடு, துரை மனம் இரங்குவார் என்று தலைவர்மார் சொல்வார்கள். அண்ணனுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

துரை மனம் இரங்கவில்லை. "ஒப்புக்கொண்டது நல்லது, வேலை சுலபம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஐயா சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"அது பொய் சார்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், சும்மா இரு என்று. "அவரு ஒன்னும் செய்யல. மேல வாங்க, காட்டுறேன்." சிங்களத்தில் சொன்னேனா தமிழில் சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை.

மேல்மாடியில் வயரைச் செருகினேன். திரையில் அந்தப் பன்னிரண்டு வரிதான் முதலில் வந்து நின்றது. அதை அழித்துவிட்டு, துரையை வரைபடத்து இரண்டாம் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். துரைக்கு நான் நில்லுங்கள் என்று சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கட்டளையைத் தட்டினேன். துரை நின்ற இடத்தில் ஒன்றுமில்லை. "அந்தப் பக்கம்" என்று அண்ணன்தான் முதலில் கையை நீட்டினார். அம்மன் பக்கத்தில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பட்டன் அமத்திய கதையையும் சொன்னேன். ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை.

துரை கேட்டார், "உனக்கு இது எப்போது தெரியும்?"

"இப்பதான் சார். கடிதம் வாசிக்கும்போது சந்தேகம் வந்தது."

துரை அண்ணனை அன்றைக்கே வேலையில் இறங்கச் சொன்னார். எனக்கு ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். நாற்காலி தப்பியது.

ஷிப்ட் தொடங்குமுன் சாப்பிட்டுவிட்டு வர லயத்துக்குப் புறப்பட்ட அண்ணனோடு நானும் இறங்கினேன். பாதி வழியில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அண்ணே, எனக்குச் செவ்வாக்கெழமயே தெரியும்."

அவர் நடப்பதை நிறுத்தவில்லை. "கடுதாசி புதங்கெழம ராவுதான் எழுதுனோம்" என்றார். கொஞ்ச தூரம் போய், "எனக்குக் கையெழுத்து மட்டுந்தானே போடத் தெரியும். எழுதுனது ஒங்க அண்ணிதான். நெசமா நீங்கதான் செஞ்சீங்களான்னு கேட்டுச்சு. இல்லைன்னா எழுத மாட்டேன்னுச்சு. ஆமான்னு சொல்லி எழுத வெச்சேன்" என்றார்.

அண்ணி கொழுந்து எடுத்துவிட்டு வந்து வாசலில் நின்றது. அண்ணன் என்னைக் காட்டி, "தம்பி சொல்லும்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சொன்னேன். செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஏசும் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் கடுதாசிய வாங்கியாந்து குடுங்க தம்பி" என்றது. "என் புருசன் செஞ்சாருன்னு என் கையால எழுதியிருக்கேன். அது அங்க கெடக்கக் கூடாது."

உடனே பெக்டரிக்குத் திரும்பிப் போய் ஐயாவிடம் கேட்டேன். "பைலுக்குப் போனதை எடுக்க ஏலாது காணும்" என்றார். ஆனால் மனிதர் அன்றைக்குக் கொஞ்சம் இளகித்தான் இருந்தார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நீர் ஒரு கடிதம் எழுதித் தாரும். என்ன பிழை, ஆர் விட்டது, உமக்கு எப்ப தெரிஞ்சது, எல்லாத்தையும் எழுதும். அந்தக் கடிதத்துக்கு மேல இதைக் கோத்து விடுறன்."

என் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். அண்ணன் குற்றமற்றவர் என்று எழுதினேன். பட்டனை அமத்தியது நான், எண்ணிய பக்கம் பிழை, வரைபடத்தைப் பார்க்காதது என் கவனக்குறைவு, எல்லாம் ஒளிக்காமல் எழுதினேன். தெரிய வந்த நாள் வியாழக்கிழமை என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.