பயக்கரி

எங்கள் ஆலையின் சிமெண்டுச் சூளை ஒரு தெரு நீளம் இருக்கும். படுத்தபடியே உருளும் இரும்புக் குழாய் அது. ஒரு வாயில் சுண்ணாம்புக் கல்லின் மாவு இறங்கும். மறுவாயில் நிலக்கரித் தூளை ஊதி எரிப்பார்கள். எவ்வளவு தூள் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்வார். பகல் ஷிப்டில் அந்த நாற்காலி என் அண்ணியுடையது.

மூட்டை கட்டும் பிரிவில், முகத்தில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு படித்து, தேர்வு எழுதி, அங்கே வந்தார். திரையில் எல்லாம் தெரியும். ஆனாலும் அவ்வப்போது எழுந்துபோய் நீலக் கண்ணாடி வழியே தீயை நேரில் பார்த்துவிட்டு வருவார், தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்ப்பதுபோல. வீட்டிலும் அப்படித்தான். "ஆளில்லாத ரூம்ல ஃபேன் சுத்தினா, யாருக்குத் தாலாட்டுன்னு கேப்பா" என்பான் அண்ணன்.

'பயக்கரி' என்பது அவர் வைத்த பெயர். முன்பொரு முறை சூளை சூடு இறங்கி நின்றுபோயிற்று. மறுபடி சூடேற்றுவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. அதன்பின் ஒவ்வொருவரும் தன் ஷிப்டில் கொஞ்சம் கூடுதலாகத் தூள் விட்டார்கள். அடுத்து வந்தவர் அதற்குமேல் கொஞ்சம். யாரும் உத்தரவு போடவில்லை. பயத்தில் எரியும் அந்தக் கூடுதல் கரிதான் பயக்கரி. அதிகம் வெந்த கிளிங்கர், அதாவது சூளையிலிருந்து விழும் கட்டி, இரும்பாக இறுகிவிடும். அதை அரைக்கிற மில் மின்சாரத்தைக் குடிக்கும். அந்த மின்சாரமும் எங்கோ கரி எரிந்துதான் வருகிறது.

"கரியமில வாயு பாதிக்கு மேல கல்லுலேருந்தே வருது தம்பி. கல்லச் சுடாம சிமெண்ட் ஏது? ஊரெல்லாம் வீடு கட்டறாங்க. ஆனா நாம பயந்து எரிக்கிறோமே, அத யாரும் கேக்கல" என்பார் அண்ணி.

போன மாதம் மேலாளரிடம் போய், ஒரு ஷிப்ட் பயக்கரி இல்லாமல் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டார். கிளிங்கரில் வேகாத சுண்ணாம்பு வரம்பைத் தாண்டினால் அண்ணி மறுபடி மூட்டைப் பிரிவுக்குப் போக வேண்டும். அனுமதி தந்த மேலாளர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னால் செய்கிறவர்.

சோதனை நாளன்று காலையில் தூளைப் படிப்படியாகக் குறைத்தார். சூளை அடுப்பு மாதிரி உடனே பதில் சொல்லாது. இப்போது குறைத்தது வெகுநேரம் கழித்துத்தான் கிளிங்கரில் தெரியும். அதைப் பொடித்துச் சுண்ணாம்பு பார்ப்பது சோதனைக்கூடத்தில் என் வேலை. முதல் மாதிரி நன்றாக இருந்தது. இரண்டாவதைப் பார்த்துவிட்டு போன் செய்தேன்.

"வரம்ப ஒட்டி நிக்குது அண்ணி."

"தாண்டலையே?"

"தாண்டல."

"சரி, வை."

மனசு கேட்காமல் அறைக்கே போனேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மில் ஆபரேட்டர் கெஞ்சிக்கொண்டிருந்தான். "அக்கா, லேசா ஏத்திடுங்க. யாரு பாக்கப் போறா?"

அண்ணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். "வெளிய விட்டா அதுங்களே போய் ஏத்திடும்டா. என்னைவிட அதுங்களுக்குத்தான் பயம்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு ஒரு கையை மட்டும் உருவினார். அது கரிப் பக்கம் போகவில்லை. சூளைக்குள்ளிருந்து காற்றை இழுக்கும் பெரிய விசிறியின் வேகத்தைத் துளி தணித்தார். தேவைக்கு மேல் இழுபட்ட காற்று சூட்டையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. மூன்றாவது மாதிரியில் சுண்ணாம்பு இறங்கியிருந்தது. ஷிப்ட் முடிய அப்படியே நின்றது. நாற்காலி தப்பியது.

மாலை ஷிப்டுக்கு வந்தவரை நாங்கள் 'கூடக்கொஞ்சம்' என்போம். அவருக்கும் அது தெரியும். உட்கார்ந்ததும் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னம்மா, சூளையப் பட்டினி போட்டிருக்க?"

"நல்லாத்தான் இருக்குண்ணே. தம்பியக் கேளுங்க."

"எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு தாயே." அவர் கை போய்த் தூளை ஏற்றிவிட்டது.

தோளில் மாட்டிய பையை அண்ணி கழற்றி வைத்தார். ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போகல?"

"அடுத்த மாதிரி வரட்டும்ணே."

"நீ பக்கத்துல உக்காந்தா எனக்கு எப்படி வேலை ஓடும்?"

"நான் ஒண்ணும் சொல்லல. தீயப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அண்ணி குறைத்த தூளில் வெந்த மாதிரி அது; சுண்ணாம்பு வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தது. நானும் வீட்டுக்குப் போகாமல் தங்கி, எண்ணை நானே கொண்டுபோய்ச் சொன்னேன். கூடக்கொஞ்சம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். தாடையைத் தடவினார். அண்ணி திரையில் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றியதில் பாதியை அவர் இறக்கினார்.

"மீதி என்கிட்ட இருக்கட்டும்மா" என்றார்.

"இருக்கட்டும்ணே" என்று சொல்லி அண்ணி பையை எடுத்தார்.