பல்கலைக்கழகத்துப் பேப்பர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிவகாசியில் கூலிக்கு மிஷின் துடைக்கத் தொடங்கி, சொந்த ஆப்செட் மிஷின் வாங்கும்வரை யார் கையையும் பிடிக்காமல் வந்தேன். அப்படிப்பட்டவனைத் தேடி, இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் பதிப்புத் துறை வந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாய்களின் வரலாற்றை அச்சிட வேண்டுமாம். யார் வாங்குவார்கள் என்று கேட்டேன்.

"விக்கிறதுக்காகப் போடலை அண்ணாச்சி. வேற யாரும் போட மாட்டாங்க, அதான் நாங்க போடுறோம்" என்றார் துறையிலிருந்து வந்த பேராசிரியர். துறை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தானாம்.

ஊரில் யாருக்கும் கிடைக்காத ஆர்டர். "முதல்ல பேப்பரை இறக்குங்க, ஒரே வாரத்துல புத்தகம் தர்றேன்" என்றேன். எங்கள் தொழிலில் பேப்பர் வந்து இறங்கினால்தான் வேலை நிச்சயம். இறக்கினார்கள். குடோன் கூரை வரை அடைத்துக்கொண்டது. ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். கையெழுத்துப் பிரதி மட்டும் வரவில்லை. முன்னுரையை யார் எழுதுவது என்று இரண்டு பேராசிரியர்களுக்குள் தகராறு. பேப்பரை வெளியே வைத்து நனைந்தால் நான்தான் பொறுப்பு. திருப்பி அனுப்பவும் வழியில்லை, கடைவீதி முழுக்கப் பெருமை பேசி முடித்திருந்தேன்.

அதற்குள் தீபாவளி சீசன் வந்துவிட்டது. என் மிஷினுக்குச் சோறு போட்டவர் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு முதலாளி. லேபிள் அடிக்க வேண்டிய அட்டையோடு லாரியில் வந்து நின்றார்.

"எங்கன இறக்க அண்ணாச்சி, உங்க தலையிலயா? இடமில்லைன்னா சொல்லுங்க, எதுத்த பிரஸ்ல இறக்கிட்டுப் போறேன்."

"என் வீட்டுல இறக்குங்க."

"அடுப்பு எரியுற வீட்டுலயா? பட்டாசுக்காரன் அதுக்கு ஒத்துக்கிட மாட்டான்."

"எரியாது" என்றேன்.

ஊரே பார்க்க நான் கட்டிய மார்பிள் ஹாலில் அட்டை ஏறியது. சீசன் முடியும்வரை அடுப்பு மூட்டவில்லை. ஹோட்டல் பார்சலைக் கட்டிலுக்கும் அட்டைக்கும் நடுவே உட்கார்ந்து தின்றோம்.

"கல்யாணம் ஆனதுலருந்து இப்பத்தான் லீவு குடுத்திருக்கீக. காலை நீட்டத்தான் இடமில்லை" என்றாள் மனைவி.

லேபிள் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தது. முதலாளி அடுத்த சீசனையும் எனக்கே தந்தார். ஹாலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பேராசிரியரின் போன் வந்தது. சண்டை தீர்ந்ததாம், இருவருமே முன்னுரை எழுதுகிறார்களாம். அதனால் புத்தகம் இரண்டு பாகம். இன்னொரு லோடு பேப்பர் கிளம்புகிறது.

"இடம் இருக்குல்ல அண்ணாச்சி?"

இல்லை என்று சொல்லிப் பழகியவன் அல்ல நான். "தாராளமா இருக்கு, அனுப்புங்க."

துடைப்பத்தோடு நின்ற மனைவி, "இது எம்புட்டு நாளைக்கு? கேளுங்க" என்றாள். நான் போனை வைத்துவிட்டு, கட்டிலைச் சுவரோரம் தள்ளினேன்.